ஈசானிய மூலைத் தொட்டி

பெண் பார்க்கப் போகிறவர்களும் வீடு பார்க்கப் போகிறவர்களும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். நல்ல துணி உடுத்திக்கொண்டு, ராகுகாலம் கழித்து, குடும்பத்தோடு வருவார்கள். காபி குடிப்பார்கள். காற்று நன்றாக வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். செருப்பை மாட்டும்போது, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். இத்தனைக்கும் நடுவில் வீட்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதற்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

தொண்ணூறுகளில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு ஊழியர் குடியிருப்பில், கட்டடப் பராமரிப்பு எனக்கு வேலை. ஒழுகுகிறது, ஊறுகிறது, விரிகிறது என்று நாள் முழுக்கப் புகார் கேட்கும் வேலை. ஓய்வு பெறப்போகிறவர்கள் பக்கத்திலேயே ஒரு பழைய வீடோ, செங்கல்பட்டில் ஒரு அடுக்குமாடி வீடோ பார்த்தால், "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்பீங்க" என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். ஆனால் ஒரு வீட்டைப் பார்க்கச் சொன்னால் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. என் மனைவி சொல்வாள்: "உங்களை ஒரு விருந்துக்குக் கூட்டிட்டுப் போக முடியல. எல்லாரும் இலையைப் பாத்துச் சாப்பிடுறாங்க, நீங்க சிலாப்பைப் பாத்துச் சாப்பிடுறீங்க."

பழைய வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது புதிதாக இருப்பதைத்தான். மற்ற சுவரெல்லாம் மங்கிக் கிடக்க ஒரு சுவரில் மட்டும் புதுச் சுண்ணாம்பு என்றால், அந்தச் சுவரில்தான் விஷயம் இருக்கிறது. படங்களைத் தூக்கிப் பின்னால் பார்ப்பேன். சாமி படமானாலும் தூக்குவேன். வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கதவுகளை எல்லாம் ஒருமுறை சாத்தித் திறப்பேன். நிலை கோணினால் கதவு உடனே காட்டிக் கொடுத்துவிடும். அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். ஓதம் ஏறிய சுவரை வெள்ளையடித்து மறைக்கலாம், அதன் வாடையை மறைக்க முடியாது. அடுக்குமாடி வீடு என்றால் மேல் வீட்டுக் குளியலறையையும் பார்த்தாக வேண்டும். அங்கே உள்ளே விடமாட்டார்கள். "நாங்க எதையும் விக்கலையே" என்று கதவுச் சங்கிலியைக் கூடக் கழற்றாமல் சொல்வார்கள்.

செங்கல்பட்டைச் சுற்றி அப்போது வயல்களில் மண் கொட்டி மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் களிமண்ணில் நிற்கும் வீடு கோடையில் விரிசல் விடும், மழையில் மூடிக்கொள்ளும். அதனால் ஐப்பசியில் காட்டும் வீட்டை நான் நம்புவதில்லை. சித்திரையில் இன்னொரு தரம் பார்க்கலாம் என்பேன். தரகர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. கடலோரத்தில் வேறு நோய். ஆற்று மணல் வருவதற்குப் பொறுமையில்லாமல் கடற்கரை மணலையே அள்ளிக் கலந்து கட்டியிருப்பார்கள். உப்பு உள்ளே உட்கார்ந்துகொண்டு கம்பியைத் தின்னும். துருவேறிய கம்பி பருத்து, கூரைச் சிலாப்பின் அடியை வெடிக்க வைக்கும். கழியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று பேசும், கெட்ட இடம் பொத்தென்று பேசும். அந்தப் பொத் சத்தத்தை நான் எத்தனையோ வீடுகளில், காபி தம்ளரோடு நிற்கும் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் ஒரு இடத்தில்கூட அது கேட்கவில்லை.

கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்த தனி வீடு அது. என்னைக் கூட்டிப் போனவர் கணக்குப் பிரிவில் இருந்த சக ஊழியர், கூடவே அவர் மனைவி. வீட்டுக்காரர் எங்கோ மெக்கானிக்காக இருந்து, உடம்பு முடியாமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவர். சர்க்கரை. இடது காலில் ஆறாத புண், விரல்களில் சிலவற்றை ஏற்கனவே எடுத்திருந்தார்கள். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே எங்களை வரவேற்றார். முதலில் பேசியது அவருடைய மனைவி, அந்த வீட்டு அம்மாதான்.

"ஒரு நாளு விட்டு ஒரு நாளு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில கட்டு மாத்தணும் சார். தோப்பு தாண்டி மணல்ல நடந்து, ரோட்டுக்குப் போயி, திருக்கழுக்குன்றத்துல பஸ் மாறி... போயி வர்றதுக்குள்ள கட்டெல்லாம் மண்ணாயிடுது. ஆஸ்பத்திரி பக்கத்துலயே வந்து இருங்க, இல்லன்னா கால் நிக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இத்த வித்துட்டு அங்க ஒரு சின்ன வூடா பாத்துக்கலாம்னு கீறோம்."

வாடகைக்குப் போகலாமே என்று சக ஊழியரின் மனைவி கேட்டார். "அலைஞ்சு பாத்துட்டோம்மா. அது ஒத்து வரல" என்றார் அந்த அம்மா.

நான் என் கழியை எடுத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு அறையாகத் தட்டினேன். சன்ஷேடின் அடியைத் தட்டினேன். மாடிக்குப் போய் வாட்டம் பார்த்தேன். தண்ணீர் தேங்கிய கறையே இல்லை. கடற்காற்றில் இத்தனை வருடம் நின்ற வீட்டில் ஜன்னல் கம்பி தவிர எதிலும் துரு இல்லை. எப்படி என்று கேட்டேன். நாற்காலியிலிருந்து அவர் நிமிர்ந்தார்.

"பாலாத்து மணலு சார். லாரிக்காரன் பேஜாரு பண்ணான், இந்த மணல்ல வண்டி எறங்காதுன்னுட்டான். ரோட்டுலயே கொட்டிக்கினு மாட்டு வண்டில இஸ்துகினு வந்தோம். தண்ணியும் நம்ம கெணத்துத் தண்ணிதான். வாயில ஊத்திப் பாருங்க, எளநி மாதிரி கீது." நீட்டிய காலை நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னார். "எங்க நைனா மதுராந்தகத்துல ஏரிக்குக் கீழ அடுத்தவன் கழனியில நட்டு அறுத்தவரு. சொந்தமா அடி மண்ணு கெடையாது. அதனால கட்டறதுன்னா ஒழுங்காக் கட்டணும்னு நெனச்சேன்."

கூடத்துச் சுவரில் நீலக் கோட்டும் கண்ணாடியும் அணிந்த தலைவர் ஒருவரின் பெரிய படம் மாட்டியிருந்தது. வழக்கம்போல அதையும் தூக்கிப் பின்னால் பார்த்தேன். சுவர் பளிங்காக இருந்தது. படத்தை நேராக மாட்டிவிட்டு, சக ஊழியரிடம் எல்லார் காதிலும் விழும்படியே சொன்னேன்: "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." அந்த வார்த்தை என் வாயிலிருந்து வருவது அபூர்வம். அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே ஒரு சந்தோஷம்.

சக ஊழியரும் மனைவியும் வாசலில் கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேசினார்கள். பிறகு அவர் திரும்பி வந்து, "வீடு நல்லாத்தான் இருக்கு. வாஸ்துதான் இடிக்குது. தண்ணி ஈசானிய மூலையில இருக்கணும், உங்களுக்குக் கிணறு தென்மேற்குல இருக்கு. வீட்ல ஒத்துக்க மாட்டேங்குறாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆச்சரியம் வரவில்லை. பெரிய பெரிய கட்டடங்களுக்கு வரைபடம் போட்ட ஆட்கள் சமையலறை எந்தத் திசை என்று கேட்டு வெளிறிப்போவதைப் பார்த்தவன் நான். இதுவும் அந்தப் பைத்தியம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஈசானிய மூலைன்னா எது சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். சக ஊழியர் கையை நீட்டி வடகிழக்கைக் காட்டினார்.

அடுத்த வருடம், மழை ஓய்ந்த பிறகு, ஒரு இளம் தம்பதியோடு மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். இருவரும் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு நண்பர் மூலமாக என்னிடம் வந்தவர்கள். சவுக்குத் தோப்பைக் கண்டதுமே எந்த வீடு என்று தெரிந்துவிட்டது. இன்னும் விற்கவில்லையே என்று வருத்தம் ஒரு பக்கம், இந்த முறை விற்றுவிடும் என்று நிம்மதி ஒரு பக்கம். வழியெல்லாம் அந்த வீட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வடகிழக்கு மூலையில், சுவரை ஒட்டினாற்போல, தரையில் புதிதாக ஒரு சிமெண்ட் மூடி தெரிந்தது. தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி.

உள்ளே போய்ப் பார்த்தேன். மூலை அறையின் கதவு பாதிக்கு மேல் சாத்த வரவில்லை. ஜன்னலின் கீழ் முனையிலிருந்து ஒரு விரிசல் செங்கல் வரிசையோடு படிப்படியாக இறங்கித் தரை வரை போயிருந்தது. சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சின் மேலேயே மறுபடி பிளந்திருந்தது. என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது.

அது மணல் பூமி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். அஸ்திவாரத்தை விட ஆழமாகப் பள்ளம் எடுத்து, ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே தோண்டியிருக்கிறார்கள். தண்ணீரோடு மணலும் சேர்ந்து வந்துவிடும். எங்கிருந்து வரும்? சுவருக்கு அடியிலிருந்துதான். அத்தனை வருடம் அசையாமல் நின்ற வீட்டின் ஒரு மூலையை அவர்களே உருவி எடுத்திருந்தார்கள்.

"எந்த மடையன் இங்க தோண்டச் சொன்னான்?" என்று கத்திவிட்டேன்.

மூலை அறைக் கட்டிலிலிருந்து பதில் வந்தது. "நான்தான் சார் நின்னு தோண்ட வெச்சேன்." இப்போது அவர் நாற்காலியில் இல்லை, படுக்கையில் இருந்தார். கணுக்கால் தாண்டி முழங்கால் வரை கட்டு ஏறியிருந்தது. கழிவறை பக்கம் என்பதால் அந்த அறையில் கட்டில் போட்டிருந்தார்கள். "தண்ணி அங்க இருந்தா பார்ட்டி வரும்னாங்க. கெணத்த மூடிட்டு இத்தக் கட்டினோம்."

கிணற்றை மூடிவிட்டார்கள். இளநீர் மாதிரி இருந்த கிணற்றை.

"சொன்னா கேக்கல சார்" என்றார் அந்த அம்மா. "புண்ணு காலோட அந்தத் தண்ணியில நின்னுகினு, இப்டி வெட்டு, அப்டி வெட்டுன்னு. அப்பால காலு வீங்கிப்போச்சு."

இளம் தம்பதிக்கு வீடு பிடித்திருந்தது. அந்தப் பெண் தோப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "வாஸ்து எல்லாம் நாங்க பாக்கறதில்ல சார். வீடு ஸ்ட்ராங்கா இருந்தா போதும்" என்றான் அவன். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஒரு வருடம் முன்னால் வந்திருக்க வேண்டியவன் அவன், அவ்வளவுதான்.

இருப்பதைச் சொன்னேன். மூலை இறங்கியிருக்கிறது, அஸ்திவாரத்துக்கு அடியில் கான்கிரீட் கொடுத்துத் தாங்கினால் நிறுத்திவிடலாம், மற்ற பக்கமெல்லாம் நல்ல கட்டடம், ஆனால் இன்றைய நிலையில் வாங்காதீர்கள். கடைசி வாக்கியம் மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்தது. முகத்தில் கலவரம் தெரிய நன்றி சொல்லிவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பஸ்ஸில் வருகிறேன் என்று நின்றுவிட்டேன்.

அந்த அம்மா முற்றத்தில் நின்றபடி கேட்டார். சண்டைக்கு வந்த குரல் இல்லை, சந்தேகம் கேட்கும் குரல். "வாங்க வந்தவங்கள உஷார் பண்ணி அனுப்பிட்டீங்க சார். உள்ள கீறவங்க இன்னா பண்றது?"

நான் எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் பார்ப்பது வாங்குகிறவனுக்காக. வேண்டாம் என்றால் அவன் பிழைத்தான், தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவான். அந்தச் சிலாப்புக்குக் கீழே இருப்பவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள், முன்பு தெரியாமல் படுத்திருந்தவர்கள் இனிமேல் தெரிந்தே படுத்திருப்பார்கள்.

முதலில் கட்டிலை இழுத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம், நானும் அந்த அம்மாவுமாக, அவர் அதில் படுத்தபடியே. கூடத்துச் சுவரில் தலைவர் படம் இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் நீள்சதுரமாக வெளிறாமல் இருந்தது. பழக்கதோஷத்தில் அந்த இடத்தையும் தட்டிப் பார்த்தேன், நல்ல சுவர். அடுத்த வாரம் தெரிந்த மேஸ்திரி ஒருவரை அழைத்துப் போய், மூலைச் சுவருக்கு முட்டுக் கொடுத்து, தொட்டியைக் கான்கிரீட் போட்டு அடைக்க ஏற்பாடு செய்தேன். இறைக்கக் கூடாது, தண்ணீர் இருந்தால் இருக்கட்டும், அதன் மேலேயே கொட்டுங்கள் என்று நின்று சொல்லிவிட்டு வந்தேன். விரிசல் அதற்கு மேல் போகாது. அந்தக் காலுக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அலுவலக வேனில் கணக்குப் பிரிவு நண்பர் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அதற்குள் வேறு இடத்தில் வீடு வாங்கி, பால் காய்ச்சிக் குடியும் போயிருந்தார். பொறுக்க முடியாமல் அவரிடம் சொன்னேன். நீங்கள் வாஸ்து என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தீர்கள், அந்த மனுஷன் புண் காலோடு நின்று வீட்டையே தோண்டிவிட்டான் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். "என்ன சார் நீங்க, குழந்தை மாதிரி. வாஸ்துவாவது ஒண்ணாவது. கூடத்துல படத்தைப் பாத்தீங்கல்ல? நீங்கதானே தூக்கிப் பாத்தீங்க. யார் வீடுன்னு அதுக்கப்புறம் தனியா சொல்லணுமா? அவங்க சமைச்சுப் புழங்கின வீட்ல நாங்க எப்படிக் குடி போறது? மூஞ்சிக்கு நேரா அதைச் சொல்ல முடியுமா? வாஸ்துன்னு சொன்னா யார் மனசும் நோகாது."

யார் மனசும் நோகாது. நாசூக்கு தெரிந்த மனிதர்! நான் அந்தப் படத்தின் பின்னால் ஓதம் இருக்கிறதா என்று பார்த்தேன், அவர்கள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். வேனில் எல்லார் முன்னாலும் அவரை என்னவோ திட்டினேன். என்ன வார்த்தை என்று நினைவில்லை. நல்ல வார்த்தை இல்லை. யாரோ என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கக் கூப்பிட்டவர்களும் குறைந்துபோனார்கள்.

தொட்டி அடைத்த வேலையைப் பார்க்கப் போனபோது வீடு பூட்டியிருந்தது. தோப்பில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த பெண், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். அன்றைக்கே போனேன். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தார். அந்த அம்மா வார்டுக்கு வெளியே வராந்தாவில் பாய் விரித்து, எவர்சில்வர் கூஜாவும் ஒரு துணிப்பையுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று சொல்லி நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"இப்பதான் சார் ஆஸ்பத்திரி பக்கத்துல வந்து கீறோம்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

சொல்லலாமா கூடாதா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். சொன்னால் யாருக்கு என்ன லாபம்? ஆனால் அந்த அம்மா, தான் புருஷனைத் தடுக்காமல் விட்டதைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தார். தொட்டியை முன்னாடியே கட்டியிருந்தால் முதலில் வந்தவர்களே வாங்கியிருப்பார்கள் இல்லையா சார், கால் தப்பித்திருக்குமே என்றார். அதைக் கேட்க என்னால் முடியவில்லை.

"இல்லம்மா" என்றேன். "அவங்க எப்படியும் வாங்கியிருக்க மாட்டாங்க. அவங்க சொன்னது வாஸ்துவே இல்லை. அது வெறும் சாக்கு. அவங்களுக்கு..." கூஜாவைப் பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. என் சங்கடத்தைப் பார்த்து இரக்கப்படுவது போலத்தான் இருந்தது.

"தெரியும் சார்" என்றார். "செங்கல்பட்டுல வாடகைக்குக் கேக்கப் போனப்பவும் அதுதான். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். படத்த அவரேதான் கழட்டி வெச்சாரு."

"தெரிஞ்சுமா தோண்டினீங்க?"

வார்டுக்குள்ளிருந்து யாரோ முனகும் சத்தம் கேட்டது. அவர் தலையைத் திருப்பி, தன் புருஷனின் குரல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வாஸ்துன்னா ஒரு பள்ளம் தோண்டி சரி பண்ணிக்கலாம் சார். மத்ததுக்கு எங்க போயி தோண்டறது?"